வண்டிக்கு மூக்கு எங்கே?

“கையை வைங்க தம்பி. விரல் இடுக்கு இல்லாம முழுசா மூடுங்க.”

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையோரம், வேப்பமரத்தடியில் ஒரு சின்னப் பட்டறை. கார்த்திகை மாதக் காலை. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஒரு பழைய கிரீஸ் டப்பா வாங்கிக்கொண்டிருந்தது. என் டீசல் ஜீப் ஐடிலில் ஓடியது. பானெட்டின் பக்கவாட்டில் தொடங்கி, முன்கண்ணாடித் தூணை ஒட்டிக் கூரை வரை ஏறி நிற்கும் கறுப்புக் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். உள்ளங்கைச் சதையைக் குழாய் பிடித்து இழுத்தது. ஆட்டுக்குட்டி விரலைச் சப்புகிற மாதிரி ஒரு இழுப்பு. இரண்டு நொடி, மூன்று நொடி. எஞ்சின் திணறியது, வண்டி ஒரு முறை உடம்பைக் குலுக்கியது, நின்றுவிட்டது.

“சரியா இருக்கு” என்றார் மெக்கானிக் அண்ணன். “இதை மூடினதும் உசுரு போகுதுன்னா, இது ஒண்ணுதான் மூக்குன்னு அர்த்தம். ஓடிக்கிட்டே இருந்திருந்தா வேற எங்கயோ ஓட்டை இருக்கு. அப்புறம் குழாய் எத்தனை உசரம் இருந்து என்ன பிரயோசனம்?”

அவர் பேச்சில்தான் இந்தக் குழாயின் தத்துவம் முழுவதும் இருக்கிறது. ஸ்நார்க்கல் என்று நாம் சொல்வது காற்றுக் குழாய், அவ்வளவுதான். எஞ்சின் ஏதோ ஓர் இடத்தில் மூச்சு வாங்குகிறது. அநேக வண்டிகளில் அந்த இடம் முன்விளக்குக்குப் பின்னாலோ, கிரில்லுக்கு மேலேயோ, சக்கர வளைவுக்குள்ளேயோ மறைந்திருக்கிறது. அதைத் தூக்கிக் கூரைக்குக் கொண்டுபோனால் தண்ணீர் எட்டாது. ஆனால் கூரைக்கும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவே எத்தனை ஹோஸ், எத்தனை கிளாம்ப், எத்தனை இணைப்பு! ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று ஒரு சின்ன ரப்பர் வாய் இருக்கும். மழைத்தண்ணீரை வெளியே விட வைத்த அதே வாய், வண்டி ஆற்றில் இறங்கும்போது ஆற்றை உள்ளே விட்டுவிடும். அண்ணன் அதையும் அடைத்திருந்தார். ஒவ்வொரு இணைப்பிலும் சிலிக்கான் பூசி, ஒரு பகல் ஒரு இரவு காயவிட்ட பிறகே வண்டியைத் தொடவிட்டார்.

இந்தக் குழாய்மீது எனக்கு இத்தனை அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியை அது என்ன செய்தது என்பதை நேரில் பார்த்தவர்கள் இன்றைக்கும் சாதாரணமாகப் பேசுவதில்லை. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று தென்னையை நம்பி வாழ்ந்த ஊர்கள். பாட்டன் வைத்த மரம், அப்பன் வைத்த மரம், பேரனுக்கென்று வைத்த கன்று எல்லாம் ஒரே இரவில் சாய்ந்து கிடந்தன. இரண்டு நாள் கழித்து நாங்கள் நான்கு பேர் அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு இதே ஜீப்பில் வந்தோம். தார்ச்சாலையில் தென்னையும் மின்கம்பமும் குறுக்கே கிடந்ததால் வண்டிப் பாதையில் திரும்பினோம். ஒரு கண்மாயின் கலிங்கிலிருந்து வழிந்த தண்ணீர் பாதையைக் கடந்து ஓடியது. நடந்து பார்க்கவில்லை. அவசரம். ஏறக்குறைய ஓடுகிற வேகத்தில் இறக்கினேன். முன்னால் அலை எழும்பி முன்விளக்கை மூடியது. எஞ்சின் நின்றது.

அதோடு விட்டிருந்தால் தப்பியிருக்கும். நான் செல்ஃப் அடித்தேன். ‘டங்’ என்று ஒரு சத்தம், சம்மட்டியால் பட்டடையில் ஒரே ஓர் அடி அடித்தது போல. அதற்குப் பிறகு எதுவும் அசையவில்லை.

அந்தச் சத்தத்துக்குள் என்ன நடந்தது என்பதைப் பின்னால் எஞ்சினைப் பிரித்தபோது பார்த்தேன். நான்கு சிலிண்டர், 2,000 சிசி டீசல் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 500 சிசி. டீசலில் பிஸ்டன் மேலே ஏறிக் காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நசுக்குகிறது என்றால், உச்சியில் மிஞ்சுகிற இடம் வெறும் 33 மில்லி. சமையலறையில் தாளிக்க ஊற்றுகிற எண்ணெயில் இரண்டு கரண்டி. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. இரண்டு கரண்டிக்கு மேல் தண்ணீர் புகுந்துவிட்டால், ஏறி வருகிற பிஸ்டனுக்குப் போக வழியில்லை. கீழே கிராங்க் தள்ளுகிறது, மேலே தண்ணீர் மறிக்கிறது. நடுவில் இருக்கிற கனெக்டிங் ராட் வளைகிறது. பட்டறையில் அந்த ராடைச் சமதளத்தில் வைத்துக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். அடியில் ஒரு தாள் நுழைந்தது, அவ்வளவு. அந்த ஒரு தாள் கனத்துக்கு எஞ்சின் முழுவதையும் இறக்க வேண்டியிருந்தது.

தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் தொடவே கூடாது. தள்ளியோ இழுத்தோ மேட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரி வயரைக் கழற்றி, ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். ஃபில்டர் நனைந்திருந்தால் இன்ஜெக்டரையோ ஹீட்டர் பிளக்கையோ கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்ற வேண்டும். பெட்ரோல் வண்டியானால் ஸ்பார்க் பிளக். அந்தத் துளை வழியே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியேறிவிடும். ஆயில் வெளுத்திருந்தால் மாற்ற வேண்டும். இவ்வளவு செய்தால் பல எஞ்சின்கள் பிழைத்துவிடும். 2015 சென்னை வெள்ளத்தில் வீட்டு வாசலிலேயே மூழ்கிய கார்களுக்கும் இதே கதைதான். தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருப்பியவர்கள் எஞ்சினை இழந்தார்கள். அப்படிப் போன எஞ்சினுக்குச் சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் பணம் கிடைக்காது என்பதையும் பலர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை இருக்கிறது. ஆற்றோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டியது அது.

அன்றைக்கு எங்களை வெளியே இழுத்தது ஒரு டிராக்டர். எங்கள் ஜீப் மூழ்கி நின்ற அதே தண்ணீரில் அது நிதானமாக இறங்கி, சங்கிலியை மாட்டி, நிதானமாக ஏறியது. பெரிய பின்சக்கரம்தான் காரணம் என்று அப்போது நினைத்தேன். பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான், பானெட்டுக்கு மேலே காளான் மாதிரி நின்றுகொண்டிருந்த காற்றுத் தொப்பி நினைவுக்கு வந்தது. வயல் தூசிக்கு மேலே மூச்சு வாங்க டிராக்டர் செய்தவர்கள் வைத்த அந்த மூக்கு, தண்ணீருக்கும் மேலே நின்றது. நம் வயலில் அன்றாடம் நிற்கிற ஸ்நார்க்கல் அது.

அந்தக் கிழக்குப் பாதையை மறுபடி ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்தே இருந்தது.

இந்தத் தடவை திருச்சியிலிருந்து வரும்போது முதலில் துடையூரில் நிறுத்தினேன். 2021 செப்டம்பரில் ஓர் இரவு, அங்கே ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி, அதை ஓட்டி வந்த பெண் உயிரிழந்தார். நான் போன நாளில் சரிவில் ஈரம் மட்டும் இருந்தது. இறங்கி நடந்தேன். இரண்டு பக்கமும் சிமென்ட் சுவர், நடுவில் பள்ளம். இரவில், விளக்கில்லாமல், மழையில் வருகிறவருக்கு அந்தத் தண்ணீரின் ஆழம் எப்படித் தெரியும்? கறுப்புச் சாலையும் கறுப்புத் தண்ணீரும் ஒன்றாகத்தான் தெரியும். ஆளில்லா ரயில்வே கேட்டுகளை நாடு முழுவதும் மூடினார்கள், அது நல்ல காரியம். பல இடங்களில் கேட்டுக்குப் பதிலாக வந்தவை இந்தச் சுரங்கப்பாதைகள். கேட்டில் ரயிலுக்குப் பயந்த ஊர், சுரங்கத்தில் மழைக்குப் பயப்படுகிறது. தண்ணீர் வடிய வழி, ஆழத்தைக் காட்டும் அளவுகோல், மழை இரவில் மறிக்க ஒரு தடுப்பு. இந்த மூன்றும் இல்லாத சுரங்கப்பாதையைப் பாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்நார்க்கல் எஞ்சினுக்குத்தான் மூச்சு தரும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தராது.

அங்கிருந்து சித்தன்னவாசல். அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். மீனும் அன்னமும் எருமையும் யானையும் பூப்பறிக்கும் மனிதர்களும் ஒரே தண்ணீரில் இருக்கிறார்கள். நிறம் மங்கி, இடையிடையே உதிர்ந்துபோன ஓவியம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மீனுக்குத் தண்ணீரிலேயே மூச்சு, எருமைக்கு மூக்கு மட்டும் வெளியே, யானைக்குத் துதிக்கை. ஆழமான ஆற்றை நீந்தும்போது யானை உடம்பு முழுவதும் மூழ்கியிருக்க, துதிக்கை நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு போகும். மனிதனும் இந்த வேலையைக் குழாய் வைத்துச் செய்யப் பழகினான். 1930களில் டச்சுக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பலின் டீசல் எஞ்சினுக்குக் காற்றுக் குழாய் வைத்தது. அதை ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெயரும் ஜெர்மன் மொழியிலிருந்தே வந்தது.

பட்டறையில் குழாயைச் சோதித்துவிட்டுக் கிளம்பி, ஆலங்குடி தாண்டியதும் மண் சிவந்தது. பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு அண்ணனும் கூட வந்தார். வடகாட்டைக் கடந்து, கீரமங்கலம். பூ மார்க்கெட்டில் வியாபாரம் முடிந்து வாசலில் சம்பங்கிக் காம்புகள் நனைந்து கிடந்தன. தென்னந்தோப்புகளில் கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகள் உயர்ந்து நிற்கின்றன. நடுநடுவே தலையில்லாத பழைய மரம் ஒன்றிரண்டை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

குளமங்கலத்தில் வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். வாசலில் முப்பதடிக்கு மேல் உயரத்தில் முன்னங்கால் தூக்கிய வெள்ளைக் குதிரை. மாசி மகத்துக்குக் குதிரையே தெரியாத அளவுக்குக் காகிதப்பூ மாலை விழும். அன்றைக்கு மாலை ஏதும் இல்லாமல் மழையில் கழுவிவிட்டது போல நின்றது. அந்த விரிந்த நாசியைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே நின்ற அண்ணன், ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்தார்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, ஒரு கண்மாயின் மறுகால் தண்ணீர் வண்டிப்பாதையைக் கடந்து ஓடியது. நான் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கையில் மூங்கில் கழி. குறுக்கே முழுவதும் நடந்து, திரும்பி வேறு தடத்தில் வந்தார். கழியில் ஈரம் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

“தரை கெட்டி. நடுவுல ஒரு கல்லு கெடக்கு, அதுக்கு எடது பக்கமா ஏத்துங்க. இழுப்பு கொறைச்சல்தான்.”

பிறகு நடந்த வேலைகளுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஃபேன் பெல்ட்டைத் தளர்த்தினார். பழைய ஜீப்பில் ஃபேன் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. தண்ணீருக்குள் சுற்றினால் இறக்கை வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும். கிரில்லின் மேல் ஒரு தார்ப்பாயைக் குறுக்கே கட்டினார். டிஃபரென்ஷியலின் பிரீதர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். யாரும் யோசிக்காத இடம் அது. ஓடி வந்த சூட்டில் அச்சுக்குள் காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் அந்தக் காற்று சுருங்கி, எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே ஆயில் பால் விட்ட காபி மாதிரி ஆகிவிடும். வாரக்கணக்கில் தெரியாது, பிறகு பேரிங் கத்தும். அதற்காகத்தான் பிரீதரிலிருந்து ஒரு ரப்பர் குழாயைப் பானெட் உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கிறார். இன்னொரு மூக்கு.

ஃபோர் வீல், லோ செகண்ட். ஆள் நடக்கிற வேகம். முன்னால் தண்ணீர் விலகி ஒரு வளைந்த அலையாக நின்றது. அந்த அலையைத் துரத்தாமல், அது நம்மைத் துரத்தவும் விடாமல் அதே வேகத்தில் போனால், அலைக்குப் பின்னால், பானெட்டின் பக்கத்தில் நீர்மட்டம் சற்றுப் பள்ளமாகவே இருக்கும். வேகம் கூட்டினால் அலை பானெட்டில் ஏறும். நிறுத்தினால் அது திரும்பி வந்து மூடும். கிளட்ச்சைத் தொடவில்லை. கதவடியில் தண்ணீர் கசிந்து பாதத்தை நனைத்தது. கூரையருகே குழாய் ‘ஸ்ஸ்’ என்று காற்றை இழுக்கிற சத்தம் மட்டும் காதில் சீராக விழுந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் முன்சக்கரம் செம்மண்ணைக் கவ்வியபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் தெரிந்தன. குமிழித்தூம்பு. புதுக்கோட்டைச் சீமையின் பழைய கண்மாய்களில் இவை நிறைய உண்டு. தூண்களுக்கு நடுவே, தண்ணீருக்கு அடியில் கல்தொட்டியும் துளையும் இருக்கும். வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு ஆள் நீந்திப் போய், மூச்சடக்கி முங்கி, அடைப்பைத் திறந்துவிட்டு மேலே வர வேண்டும். நிறைகண்மாயில், இந்த மாதிரிக் கார்த்திகைக் குளிரில், இருட்டில் கையால் தடவித் துளையைக் கண்டுபிடித்தவர்கள். அவர்களுக்குக் குழாய் இல்லை, நெஞ்சுக்குள் பிடித்து வைத்த காற்று மட்டும்தான். எத்தனை ஊர் நெல் அந்த ஒரு மூச்சில் விளைந்திருக்கும்!

அறந்தாங்கியில் சாப்பிட்டுவிட்டு ஆவுடையார்கோயில். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தில் மாணிக்கவாசகர் கோயில் கட்டியதாகச் சொல்லப்படும் திருப்பெருந்துறை இதுதான். நரி பரியானது, பரி நரியானது, வைகை பெருகியது எல்லாம் அந்தக் கதையின் தொடர்ச்சி. கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும். வடித்த புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடப் படைகல்லில் கொட்டுகிறார்கள். மேலெழும் ஆவிதான் நைவேத்தியம். அந்த ஆவி தூணைச் சுற்றிக் கலைந்து போவதை அண்ணனும் நானும் பேசாமல் பார்த்தோம்.

ஊரைத் தாண்டி வெள்ளாற்றின் குறுக்கே ஒரு தரைப்பாலம். அதன் வழியாகக் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். ஆறு பாலத்தின் மேலே போய்க்கொண்டிருந்தது. ஓரக்கற்களின் தலை மட்டும் தெரிந்தது. நிறம் பழுப்பு, மேலே வைக்கோலும் நுரையும். அண்ணன் கழியோடு நான்கு எட்டு வைத்தார். தண்ணீர் தொடைக்கு வந்ததும் கழி வளைந்தது. அவர் கால் ஒரு பக்கமாக நழுவியது. திரும்பிவிட்டார்.

“குழாய் இருக்கேண்ணே” என்றேன்.

“குழாய் வண்டியைப் பிடிச்சு நிறுத்தாது தம்பி.”

அதற்குமேல் நான் பேசவில்லை. ஃபோர்ஸ் கூர்க்கா தொழிற்சாலையிலிருந்தே ஸ்நார்க்கலோடு வருகிற வண்டி. குழாய் கூரை உயரத்துக்கு நிற்கிறது. ஆனால் நிறுவனம் இறங்கச் சொல்கிற ஆழம் 700 மில்லிமீட்டர்தான். குழாய் இல்லாமல் வருகிற 2020 மாடல் மஹிந்திரா தாருக்கு 650. வித்தியாசம் இரண்டு அங்குலம். கூரை வரை குழாய் வைத்தவர்களே தொடை உயரத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள் என்றால், மூக்கைத் தவிர மற்ற எல்லாமும் கீழேதான் இருக்கிறது என்பதால்தான். மின்சார வயர், கதவு, சக்கரத்தின் பிடிப்பு, வண்டியின் எடை. ஓடுகிற ஆற்றில் இரண்டடித் தண்ணீர் போதும், பெரிய வண்டியையும் மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா எங்களைப் பார்த்ததுமே, “இன்னிக்கு முடியாது சாமி. நேத்து ராத்திரியிலருந்து தண்ணி கூடிக்கிட்டே இருக்கு. மெயின் ரோட்டுல போயிருங்க” என்றார். இரண்டு டீ குடித்தோம். எங்களுக்குப் பின்னால் ஒரு புதுக் காரில் இளைஞர்கள் வந்து நின்றார்கள். வண்டியை விட்டு இறங்காமலே தண்ணீரைப் பார்த்தார்கள். அண்ணன் எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டி, ஏதோ சொல்லி, தன் தொடையில் ஈரம் நின்ற இடத்தைத் தொட்டுக் காட்டினார். அவர்கள் திருப்பிக்கொண்டு போனார்கள்.

சுற்றுவழியில் போனதால், மணமேல்குடி தாண்டிக் கட்டுமாவடிக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பாக் நீரிணை, அலையே இல்லாத கடல், வலை உலர்த்துகிற கம்புகள். அண்ணன் கடலைப் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்தார். முதலில் பின் டிஃபரென்ஷியலின் பிளக்கை நெகிழ்த்தி, சுண்டுவிரலை விட்டு ஆயிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தேன் நிறம் மாறவில்லை. பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியின் கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஃபில்டரை வெளியே எடுத்து, மடிப்புகளுக்கு நடுவே விரலை ஓட்டி, என் கையில் கொடுத்தார்.

காய்ந்திருந்தது. ஜீப்பின் பம்பரில் ஒரு தட்டு தட்டினேன். ஆலங்குடிச் செம்மண் பொடிப்பொடியாக உதிர்ந்து கடற்கரை மணலில் விழுந்தது.